எக்ஸ்றே அறையில் ஒரு வேலை: தீவகப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தீவில் ஒரு முதியவர் முற்றத்தில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முறிவா, சுளுக்கா? பட்டினத்தில் இந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். தீவில் அதற்குப் படகு வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். நயினாதீவுக்காரருக்குக் கடல் தூரம் குறைவு, தரை தூரம் அதேதான். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருந்தாலும் சி.ரி. ஸ்கான் என்றால் அங்கிருந்தும் குடாநாட்டுக்குத்தான் போகவேண்டும்.

நிதி ஒதுக்கினால் கருவியைச் சில மாதங்களில் வாங்கிவிடலாம். அதை இயக்கும் ஆளை உருவாக்க ஆண்டுகள் எடுக்கும். அந்த ஆளாக வர விரும்பும் உயர்தர மாணவருக்கும், அண்மையில் நியமனம் பெற்றவருக்கும் இந்தக் கட்டுரை.

யார் எந்த வேலை?

படம் எடுப்பவர் ரேடியோகிராபர். எக்ஸ்றே, சி.ரி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்குவதும், நோயாளியைச் சரியான நிலையில் வைப்பதும், கதிர்வீச்சின் அளவைத் தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு. படத்தை வாசித்து அறிக்கை எழுதுபவர் கதிரியல் வைத்திய நிபுணர். இவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு படித்தவர். இலங்கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பெரும்பாலும் வைத்தியர்கள் கையிலேயே இருக்கிறது. “ஸ்கான் பண்ணுற வேலை” என்று ஆசைப்பட்டு வருபவர்கள் இந்த வித்தியாசத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே வர இரண்டு வழி

முதலாவது பல்கலைக்கழகம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபிக்கு நான்கு ஆண்டு சிறப்புப் பட்டம் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, இசற் புள்ளி அடிப்படையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகத் தெரிவாக வேண்டும். மருத்துவ பீடம் கைநழுவியதும் உலகமே முடிந்ததுபோல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள், விண்ணப்பப் படிவத்தின் விருப்ப வரிசையில் இதை எங்கே வைப்பது என்று நிதானமாக யோசிக்கவேண்டும்.

இரண்டாவது, சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சி. கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு இணைந்த ரேடியோகிராபிப் பாடசாலை இதை நடத்துகிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வயதெல்லையும் பாடத் தகைமையும் அந்தந்த அறிவித்தலில் இருக்கும். அதை வரிக்கு வரி வாசியுங்கள். பயிற்சியில் சேரும்போது கட்டாய சேவைக்கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். பெற்றோரும் பிணை நிற்பவரும் அதைப் படித்து விளங்கிய பிறகே கையெழுத்து வைக்கட்டும்.

எந்த வழியால் வந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்யாமல் வேலை செய்யமுடியாது. குறுகிய காலத்தில் “எக்ஸ்றே சான்றிதழ்” தருகிறோம் என்று விளம்பரம் கண்டால், அந்தப் படிப்புக்கு மருத்துவ சபைப் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் காசு கட்டாதீர்கள்.

படிக்கும் காலத்தில்

பௌதிகவியலைப் பரீட்சையோடு மறந்துவிடாதீர்கள்; தொழில் முழுவதும் அது கூடவே வரும். பாடம் ஆங்கிலத்தில், சக மாணவர் பலர் சிங்களத்தில். அரச சேவையில் சேர்ந்தபின் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சியும் பெறவேண்டும். ஆகவே விடுதியில் இருக்கும்போதே சிங்களம் பேசிப் பழகுவது பின்னால் பெரிய பாரத்தைக் குறைக்கும்.

நியமனமும் இடமாற்றமும்

யாழ் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும் நெடுந்தீவு, நயினாதீவு பிரதேச வைத்தியசாலைகளும் வட மாகாண நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. ரேடியோகிராபர் சேவையோ நாடு தழுவியது. முதல் நியமனம் அம்பாந்தோட்டையாகவும் இருக்கலாம், அநுராதபுரமாகவும் இருக்கலாம். ஊருக்கு வர விரும்புபவர் வருடாந்த இடமாற்றச் சுற்றறிக்கையைக் கவனித்து, உரிய திகதிக்குள் விண்ணப்பிக்கவேண்டும். நியமனக் கடிதம், சேவை உறுதிப்படுத்தல், வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை முடிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வைத்திருங்கள். தரம் உயர்வு பிந்துவது பல தடவை இந்தக் கடதாசிகளால்தான்.

தீவகத்தில் வேலை செய்பவர் பழகவேண்டியவை

பெரிய வைத்தியசாலையில் பக்கத்து அறையில் மூத்தவர் இருப்பார். சிறிய வைத்தியசாலையில் நீங்கள் ஒருவரே திணைக்களம். அங்கே நான்கு பழக்கங்கள் கைகொடுக்கும்.

முதலாவது, படத்தை ஒரே தடவையில் சரியாக எடுப்பது. மணிக்கட்டுக்கு நேர்ப்படமும் பக்கப்படமும் இரண்டும் வேண்டும். ஒன்றில் ஒளிந்த முறிவு மற்றதில் தெரியும். வலது, இடது அடையாளத்தைப் படம் எடுக்கும்போதே வையுங்கள், பிறகு நினைவில் வைத்து எழுதவேண்டாம். நெஞ்சுப் படத்துக்குக் குழாயிலிருந்து 180 சென்ரிமீற்றர் தூரம், நன்றாக உள்ளிழுத்த மூச்சு. “அம்மா, மூச்சை நல்லா உள்ளுக்கு எடுத்து அப்பிடியே வைச்சிருங்கோ” என்று ஊர்ப் பேச்சில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்தால் படம் அசையாது. முன்னால் விழும் பின்னல், நுரையீரலின் உச்சியில் நோய் போன்ற நிழலைக் காட்டும். அதை மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாத அம்மாவிடம் வாதாடவேண்டாம். நாடிக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னால் நெஞ்சு துலக்கமாகக் கிடைக்கும். பிழைத்த படத்துக்காக நகரத்து நோயாளி மறுநாள் வருவார். தீவு நோயாளிக்கு அது இன்னொரு கடற்பயணம்.

இரண்டாவது, படகு நேரத்தைத் தெரிந்து வைத்திருப்பது. வரிசையில் யார் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும் என்று கேட்டு, அவசர நோயாளிகளுக்கு அடுத்ததாக அவர்களை முடித்து அனுப்புங்கள். கடல் கொந்தளிக்கும் நாள்களில் இது இன்னும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றுபவருக்கும் இதே வேண்டுகோள்: அனுப்புகைக் கடிதத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று கண்டால் நேரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, கேட்கவேண்டியதைக் கேட்பது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் கடைசி மாதவிலக்குத் திகதியைத் தனியாக, மரியாதையோடு கேளுங்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு ஊரில் வரிசையில் நிற்பவர் காதில் அந்தக் கேள்வி விழக்கூடாது. படத்தில் கண்ட விடயமும் அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது.

நான்காவது, கருவியைப் பேணுவது. உப்புக் காற்றும் ஈரமும் மின்னணுப் பொருள்களின் எதிரிகள். தூசி தட்டுதல், குளிரூட்டி, மின்தடை, வந்த பிழைச் செய்தி எல்லாவற்றையும் நாட்பதிவேட்டில் எழுதுங்கள். திருத்துநர் கொழும்பிலிருந்து வரும்போது அந்தக் குறிப்புத்தான் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

கதிர்வீச்சுப் பயம்

வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விதிப்படி வேலை செய்தால் இது பாதுகாப்பான தொழில். பணியாளருக்கான சர்வதேச வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட். எந்தத் தனி ஆண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. நீங்கள் வாங்கிய அளவை உடையில் அணியும் ரி.எல்.டி. அட்டை பதியும். அதை மேசை லாச்சியில் போட்டுவிட்டு வேலை செய்வது உங்களையே ஏமாற்றுவது. கதிர் மூலத்திலிருந்து தூரத்தை இரட்டித்தால் கதிரின் அளவு காற்பங்காகும். கட்டிலருகே படம் எடுக்கும்போது ஈயக் கவசம் அணிந்து எட்டி நில்லுங்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் எக்ஸ்றே நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் அறையின் பத்திரம் எப்போது முடிகிறது என்று பொறுப்பதிகாரியிடம் கேட்பது உங்கள் உரிமை.

வரப்போகும் மாற்றம்

முதலாம் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்றே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். இன்று நான்கு கிலோகூட இல்லாத மின்கல எக்ஸ்றே கருவிகள் வந்துவிட்டன. இந்தியாவில் காசநோய் தேடும் முகாம்களில் அவை பயன்படுகின்றன. பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரின் நெஞ்சுப் படங்களில் காசநோய் அறிகுறியைக் கணினி மென்பொருளால் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய சக்தி, காற்று, மின்கலம் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாகியது. நிலையான மின்சாரமும் இணையமும் சேர்ந்தால், தீவில் எடுத்த படத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கும் நிபுணர் அன்றே பார்க்கலாம். டிஜிட்டல் படச் சேமிப்பு, படம் அனுப்பும் முறை, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றை இப்போதே கற்றுவைப்பவரைத்தான் அந்த நாளில் தேடுவார்கள்.

நிர்வாகத்துக்கு

தீவுக்கு ஆள் வரவில்லை என்று முறையிடுவதற்கு முன் அங்கே வருபவருக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்கவேண்டும். பூட்டுள்ள நல்ல விடுதி, பதில் கடமைக்கு ஆள், திட்டமான காலம் முடிந்ததும் கேட்ட இடத்துக்கு மாற்றம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் இளையவர் வருவார்கள். முழுநேர ஆள் கிடைக்காத இடத்துக்கு வாரத்தில் குறித்த நாளில் ஒருவரை அனுப்பி, அந்த நாளை மாறாமல் காப்பாற்றினாலே மக்களின் அலைச்சல் பெருமளவு குறையும்.

தீவகப் பாடசாலைகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் படகு நேரமும் தெரியும், அந்த அம்மாவின் பேச்சும் தெரியும். தகைமையை மட்டும் பெற்றுக்கொண்டு வாருங்கள். அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வரும்போது உங்கள் விண்ணப்பமும் போகட்டும்.