கவுதாரிக்கு நம்ம ஊர்ப் பேரு!



மாமரத்துக்கு 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று அறிவியல் பெயர் படித்திருக்கிறோம். முதல் சொல் பேரினம். 'இண்டிகா' என்பது 'இந்தியாவைச் சேர்ந்த' என்று பொருள் தரும் லத்தீன் பெயரடை. நம்ம புதுச்சேரிக்கும் இப்படி ஒரு பெயரடை இருக்கு தெரியுமா? அதுதான் 'பாண்டிசெரியானஸ்'!

இது எப்படி வந்தது? நான் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியா வந்து போன பிறகு, 1782-இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அதில் நம்ம கவுதாரியைப் 'பாண்டிச்சேரிக் கவுதாரி' என்று பிரெஞ்சில் எழுதினார். அதைப் பார்த்து ஜெர்மனியின் க்மெலின் 1789-இல் லத்தீன் பெயர் வைத்தார். 'காட்டுக் கீச்சான்' என்ற சாம்பல் நிறக் குருவிக்கும் அதே வருஷம் இதே பெயரடையைக் கொடுத்தார்.

இதில் ஒரு இலக்கணம் இருக்கு. லத்தீனில் பேரினப் பெயர் ஆண்பால் என்றால் 'பாண்டிசெரியானஸ்', பெண்பால் என்றால் 'பாண்டிசெரியானா'. நாம 'புதுச்சேரிக்காரன்', 'புதுச்சேரிக்காரி' என்று சொல்றோமே, அது மாதிரிதான்! கீச்சானுக்கு முதலில் 'மஸ்சிகாபா பாண்டிசெரியானா' என்று பெயர். பிறகு 'டெஃப்ரோடார்னிஸ்' என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாற்றினார்கள். உடனே 'யானா' போய் 'யானஸ்' வந்துவிட்டது.

அப்படியென்றால் கவுதாரி நம்ம ஊரில் மட்டும்தான் இருக்கா? இல்லை. ஈரான், பாகிஸ்தான், இலங்கையிலும் இருக்கு. முதலில் எந்த ஊர்ப் பறவையாக எழுதப்பட்டதோ, அந்த ஊரைத்தான் பெயர் சொல்கிறது.

2006 அக்டோபர் 1 முதல் 'பாண்டிச்சேரி' அதிகாரபூர்வமாகப் 'புதுச்சேரி' ஆனது. ஆனால் பறவையின் பெயர் மாறவில்லை. கவுதாரியின் பேரினத்தைக்கூட 'ஃபிராங்கோலினஸ்' என்பதிலிருந்து 'ஆர்டிகார்னிஸ்' என்று மாற்றிவிட்டார்கள். முதலில் வைத்த சிற்றினப் பெயர் நிலைக்க வேண்டும் என்பது விலங்கியல் விதி. அதனால் இரண்டாவது சொல் அப்படியே நிற்கிறது.

பெயரைக் காப்பாற்ற விதி இருக்கு. பறவையை யார் காப்பாற்றுவது? கவுதாரி அதிகம் பறக்காது, ஓடித்தான் ஒளியும். அதுக்கு முள்ளுப் புதரும் கரம்பு நிலமும் வேணும். அதையெல்லாம் வெட்டி மனை போட்டால், நம்ம ஊர்ப் பெயர் புத்தகத்தில் இருக்கும், பறவை ஊரில் இருக்காது.

'கதீதர்... கதீதர்' என்று காலையில் சத்தம் கேட்டால் கல் எறியாதீங்க, கண்ணி வைக்காதீங்க. இடமும் தேதியும் எழுதி இந்தப் பலகையில் ஒட்டுங்க. எத்தனை 'புதுச்சேரிக்காரர்கள்' மிச்சம் இருக்காங்க என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்!

 

– 9-ஆம் வகுப்பு மாணவி