வேரில் வளரும் முடி: ஸ்ட்ரெய்ட்னிங் செய்த தலைக்கு இடைக்காலப் பராமரிப்பு



பார்லரில் ஸ்மூத்தனிங்கோ ரீபாண்டிங்கோ செய்து நான்கு மாதம் ஆன தலையில் வகிடு எடுத்துப் பார்த்தால் இரண்டு விதமான முடி தெரியும். நுனியிலிருந்து மேலே வரும்வரை நூல் பிடித்தது போல நேராக இருக்கும். தோலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் மட்டும் சுருண்டு, உப்பி நிற்கும். பெரும்பாலான சகோதரிகள் பயந்துபோய் மறுபடி பார்லருக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். கல்யாணம், பெருநாள் என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் வந்தால் சொல்லவே வேண்டாம். அப்படி ஓடாமல் இடைப்பட்ட மாதங்களை எப்படிக் கடப்பது என்பதே இந்த மாதப் பாடம். செய்துகொள்வதா வேண்டாமா என்ற விவாதத்திற்குள் போகவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில், உள்ளே நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வோம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சுருள், நேர் என்ற வடிவத்தை நிலையாகப் பிடித்து வைப்பதும் இவைதான். நம் ஊர் பார்லர்களில் ரீபாண்டிங்குக்குப் பொதுவாகப் பயன்படுவது அம்மோனியம் தையோகிளைகொலேட் என்ற கிரீம். அது அந்தப் பிணைப்புகளை உடைக்கும். பிறகு சூடான அயர்ன் வைத்து முடியை நேராக்கி, நியூட்ரலைசர் போட்டு அதே நேரான வடிவில் பிணைப்புகளை மறுபடி பூட்டுவார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் ரிலாக்ஸர் வேறு வகை. அதன் பழைய வகையில் இருப்பது காஸ்டிக் சோடாதான். ஆன்லைனில் இப்போது அதுவும் எளிதாகக் கிடைக்கிறது. ஒன்றைப் போட்ட முடியின் மேல் இன்னொன்றைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். இதைப் பெண் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

கிரீம் வேலை செய்வது தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் மட்டும். வேர், தோலுக்குள் உயிரோடு இருக்கிறது. அது அல்லாஹ் எப்படிப் படைத்தானோ அப்படியே முடியைத் தந்துகொண்டிருக்கும், மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம். ஆகவே நான்காம் மாதம் தெரியும் சுருள் முடி "ட்ரீட்மென்ட் போய்விட்டது" என்பதற்கு அடையாளம் ஆகாது. அது புது முடி, உங்கள் தலையிலேயே ஆரோக்கியமான பகுதி. கவலைப்பட வேண்டியது அதற்கும் பழைய முடிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பற்றித்தான். மேலே வலுவான சுருள், கீழே கெமிக்கல் பட்டு மெலிந்த நேர் முடி. சீப்பு இழுக்கும்போதும் ரப்பர் பேண்ட் இறுக்கும்போதும் இழுவை முழுவதும் அந்த ஓரிடத்தில் விழும். முடி அங்கேதான் ஒடிகிறது. கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்த இணைப்பைக் காப்பாற்றத்தான்.

தண்ணீரும் எண்ணெயும்

உலர்ந்த முடி ஒடியும், ஈரப்பதம் உள்ள முடி வளையும். ஈரப்பதம் என்றால் எண்ணெய் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈரத்தைத் தருவது தண்ணீர், அதைத் தங்க வைப்பது எண்ணெய். ஒரு ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு சிறு கரண்டி கண்டிஷனர் கலந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, புது முடியிலும் இணைப்பிலும் மட்டும் லேசாகத் தெளித்து விரலால் நீவுங்கள். பிறகு இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து அதன் மேல் தடவினால் போதும். நேராக்கிய கீழ்ப்பகுதியை நனைக்க வேண்டியதில்லை. பாட்டிலில் உள்ளதை நான்கைந்து நாளில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றிப் பாட்டிமார்கள் சொன்னதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. கெமிக்கல் பட்ட முடியிலும் அதே முடிவுதான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த எண்ணெய் முடியின் உள்ளே இறங்கும் தன்மை உடையது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தடவுங்கள். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க ஊறவிட வேண்டாம்.

சீயக்காய்த் தூளை நேரடியாகத் தேய்ப்பதை இந்த மாதங்களில் தவிருங்கள். தூளின் சொரசொரப்பு இணைப்பில் சிக்கும், அலசினாலும் போகாது. சீயக்காய்தான் வேண்டும் என்றால் காயைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். ஊறவைத்த வெந்தயம், செம்பருத்தி இலை இரண்டின் வழவழப்பும் சிக்கெடுக்க நல்லது. அவற்றையும் வடிகட்டாமல் போடாதீர்கள். கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடிய விடுங்கள், அது சிலருக்கு அரிப்புத் தரும். எலுமிச்சை வேண்டாம்.

ஷாம்பு வாரத்திற்கு ஒருமுறை, வியர்வை அதிகமானால் இரண்டு முறை. ஒரு மக் தண்ணீரில் கரைத்து மண்டைத் தோலில் மட்டும் ஊற்றித் தேயுங்கள். நுரை வழிந்து இறங்குவதே கீழ் முடிக்குப் போதும்.

நம் பகுதியில் இன்னொரு தொல்லை தண்ணீர். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் கடலோரமாக இருப்பவர்களின் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. மயிலாப்பூர், தி. நகர் பிளாட்டுகளிலும் மெட்ரோ வாட்டர் சம்ப்பில் போர் தண்ணீரையும் கலந்து விடுவது வழக்கம்தான். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். கெமிக்கல் பட்ட முடியில் அது இன்னும் எளிதாகப் படியும். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டாலும், கடைசியாக ஊற்றும் இரண்டு மக் மட்டும் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீராகவோ மழைநீராகவோ இருக்கட்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காமல் தலைக்கு ஊற்றும் சிக்கனம் சில வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சீப்பு, சூடு, ஹிஜாப்

முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியமாகப் பேண வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. தினமும் தலைவாரிக்கொண்டே இருப்பதைத் தவிர்த்து, இடைவெளி விட்டு வாரச் சொன்ன செய்தியும் அதே நூலில் உண்டு. இந்தத் தலைக்கு அந்த இடைவெளி மிகவும் பொருந்தும். வாரும் நாளில் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். இணைப்புக்கு வரும்போது சீப்பை வைத்துவிட்டு விரலால் பிரியுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது வாரவே கூடாது.

உப்பி நிற்கும் வேரை மட்டும் தினமும் அயர்ன் செய்வது பலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. ஆரோக்கியமாக வளர்ந்த ஒரே பகுதியையும் 200 டிகிரிச் சூட்டில் வாட்டுவது அது. அதற்குப் பதில், தெளித்து நீவிய பிறகு வகிடு எடுத்து இரண்டு தளர்வான பின்னல் போட்டு, வழவழப்பான துணியால் தலையைப் படியக் கட்டி இருபது நிமிடம் விடுங்கள். முழு நேர் ஆகாது, படியும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் எதைச் செய்தாலும் கொஞ்சம் உப்பத்தான் செய்யும். கிளிசரின் அதிகமுள்ள கிரீம்கள் காற்றின் ஈரத்தை இழுத்து இன்னும் உப்ப வைக்கும் என்பதால் மழைக்காலத்தில் அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹிஜாபுக்குள் போகும் தலை காய்ந்திருக்க வேண்டும். பஜ்ருக்கு முன் குளித்துவிட்டு ஈரத்தோடு கட்டி, மாலை வரை அவிழ்க்காமல் வேலையில் இருக்கும் சகோதரிகளுக்குத் தலையில் நாற்றமும் பொடுகும் வருவது இதனால்தான். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். டவலால் முறுக்க வேண்டாம். உள்ளே போடும் காட்டன் தொப்பியின் விளிம்பு நெற்றி ஓரத்து இளமுடியை நாள் முழுக்க உரசும். அரை மீட்டர் சாட்டின் துணி வாங்கி அதற்கு உள்பட்டை தைத்துவிட்டால் உரசல் குறையும். ரங்கநாதன் தெருவுக்குப் போகும்போது ஒரு துண்டு வாங்கி வந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆகும். கொண்டையைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கிப் போடாதீர்கள். நெற்றி முடி பின்வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்றால்

சகோதரிகள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ட்ரீட்மென்ட் முடிந்ததும் மூன்று நாள் தலையை நனைக்காதே என்று பல பார்லர்களில் சொல்லி அனுப்புகிறார்கள். உளூவில் பிரச்சினை இல்லை. மஸ்ஹு செய்ய ஈரக் கை போதும், ஷாஃபி மத்ஹபில் தலையின் சிறு பகுதி, ஹனஃபியில் கால் பகுதி. கடமையான குளிப்பில்தான் சிக்கல். அழகுக்காகச் செய்துகொண்ட ஒன்று நோயைப் போன்ற காரணம் ஆகாது. தண்ணீர் இருக்கும்போது அதற்காகத் தயம்மும் செய்யவோ, தொழுகையைத் தள்ளிப்போடவோ இடமில்லை. குளிப்பு கடமையாகிவிட்டால் குளித்துவிடுங்கள். நேர்த்தி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

முன்யோசனை இருந்தால் இந்த நெருக்கடியே வராது. மாதவிடாய் முடிந்து குளித்த பிறகு வரும் நாட்களில் பார்லர் தேதியை வையுங்கள். மணமானவர்கள் கணவரிடமும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அன்றே அலசக்கூடிய வகையும் உண்டா என்று பார்லரில் பணம் கட்டும் முன் கேளுங்கள். பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, தலையில் மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தது முஸ்லிமில் உள்ளது. பின்னலுக்குள் நீர் சேராவிட்டால் அவிழ்க்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை, வேர் நனைந்தால் போதும் என்பது ஹனஃபியின் நிலை. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மறுபடி எப்போது?

ஆறு மாதத்திற்குள் வேண்டாம். எட்டு, பத்து மாதம் தள்ளினால் இன்னும் நல்லது. போகும்போது "வேர் மட்டும்" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே நேரான முடியில் கிரீம் மறுபடி படக்கூடாது. முழுத் தலைக்கும் போட்டு முழுத் தொகையும் வாங்கும் இடத்தில் உங்கள் பணமும் போகிறது, முடியும் போகிறது. மருதாணி, ஹேர் டை எது போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். உலோக உப்பு கலந்த சாயங்கள் நியூட்ரலைசரோடு சேர்ந்து முடியைப் பொசுக்கிவிடும். கர்ப்பிணிகளும் தலையில் புண் உள்ளவர்களும் போகவே வேண்டாம்.

"கெமிக்கல் இல்லை, கெரட்டின்தான்" என்று சொன்னால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைகால் என்று இருந்தால் மூன்றும் ஒன்றுதான். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சந்தேகத்திற்கு உரியதாகிவிட்டது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு, ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024இல் பதிவு செய்தார்கள். பார்லரிலிருந்து வந்த ஓரிரு நாளில் வாந்தியும் முதுகுவலியும் வந்தால் மருத்துவரிடம் ட்ரீட்மென்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. ஸ்ட்ரெய்ட்னிங் பொருட்களே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் அதில் கணக்கிட்டார்கள். இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் இடைவெளியைக் கூட்டச் சொல்வதற்கு எங்களுக்கு இது போதும்.

விட்டுவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் ஒரே நாளில் வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை நுனியில் ஓர் அங்குலம் எடுத்துக்கொண்டே வந்தால், 30 சென்டிமீட்டர் இயற்கை முடி வர இரண்டரை ஆண்டு ஆகும். அதுவரை இணைப்பு இறங்கிக்கொண்டே போகும், கவனமும் அதோடு இறங்க வேண்டும்.

தலையணையில் கிடக்கும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. சிறிதளவு உதிர்வது எல்லோருக்கும் உண்டு, அதிகமானால் இரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குமிழ் இல்லாத துண்டுகளாகக் கிடந்தால் இணைப்பில் ஒடிகிறது என்று பொருள். அயர்னையும் இறுக்கமான கொண்டையையும் அன்றே நிறுத்துங்கள். தோலில் எரிச்சலோ புண்ணோ வட்டமான வழுக்கையோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், இராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். போகும்போது பார்லரில் என்ன போட்டார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.