மச்சில் படுக்கையறை அமைத்தல்: கடனுக்கு முன் அளந்தறிய வேண்டுவன

கிராமங்களிலுள்ள பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில், கூடத்தின்மேல் உத்திரமிட்டுப் பலகை பரப்பிய மச்சு உண்டு. முன்னோர் அதில் விதைத் தானியமும், புளிப் பானைகளும், வெண்கலப் பாத்திரங்களும் வைத்துப் பாதுகாத்தனர். குடும்பம் பெருகி இடம் குறையும்போது, அம்மச்சையே படுக்கையறையாக்கலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. மனை வாங்க வேண்டுவதில்லை. கடைக்கால் தோண்ட வேண்டுவதில்லை. கூரையும் முன்னமே உள்ளது. ஆயினும் இவ்வேலைக்கெனக் கடன் பெற்றுப் பின்னர் வருந்துவோரும் உளர். அவ்வருத்தம் நேராதிருக்கச் செலவில்லாத காரியம் ஒன்றை முதலில் செய்தல் வேண்டும். அஃது அளத்தலேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்தில், அங்கத்தினர் ஒருவர் தம் மகனுக்கு விவாகம் நிச்சயித்து, மணமக்களுக்கென மச்சில் அறை அமைக்கக் கடன் மனு கொடுத்திருந்தார். அவர் வீட்டுக் கூடம் 16 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ளது. ஆகவே மச்சின் பரப்பு 320 சதுர அடி. "இரண்டு அறைகள் தாராளமாக அமையும், ஐயா" என்றார். இருவரும் அளவு நாடாவுடன் ஏணி வழியே மேலேறினோம்.

1. நிற்கும் இடம்

மச்சின் தரையிலிருந்து, இருபுறமும் கூரை வந்து அமரும் சுவரின் தலைவரை உயரம் 3 அடியே இருந்தது. கூரைச் சரிவு ஓர் அடி அகலத்திற்கு ஏறக்குறைய 7 அங்குலம் ஏறியது. எனவே நடுமோட்டின் கீழ் உயரம் 7 அடி 8 அங்குலம். ஆறடி உயரமுள்ளவர் தலை இடியாது நிற்கக்கூடிய இடம், மோட்டின் கீழ் 5 அடி 8 அங்குல அகலமுள்ள ஒரு பட்டையே. அதன் பரப்பு சுமார் 113 சதுர அடி. 320 என்று எண்ணியதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மனிதர் நின்று நடமாட உதவும். மச்சில் தரையின் பரப்பு கணக்கன்று. நிற்கும் இடத்தின் பரப்பே கணக்காகும்.

2. விதி கூறும் அளவு

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளது. சரிவுக் கூரையின் கீழுள்ள அறையில் சராசரி உயரம் 2.75 மீட்டருக்கு, அதாவது சுமார் 9 அடிக்குக் குறைதல் கூடாது. கூரை தாழும் ஓரத்திலும் 2.4 மீட்டர், அதாவது 7 அடி 10½ அங்குலம் இருத்தல் வேண்டும். வசிக்கும் அறை ஒன்றே ஆயின் அதன் பரப்பு 9.5 சதுர மீட்டருக்கும், அகலம் 2.4 மீட்டருக்கும் குறையலாகாது. 9.5 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 102 சதுர அடி.

மேற்கண்ட மச்சின் சராசரி உயரமோ 5 அடி 4 அங்குலம். தாழ்ந்த ஓரங்களைத் தட்டியால் மறைத்துவிட்டால், எஞ்சும் அறையின் அகலம் போதாது. விதியை நிறைவேற்றச் சுவர்களை ஏறக்குறைய 5 அடி உயர்த்திக் கூரையைப் பிரித்து மீண்டும் வேய வேண்டும். அது மச்சைத் திருத்துவதன்று, மேல்மாடி கட்டுவதேயாகும். தமிழ்நாட்டில் அதற்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபடம் தயாரித்து, முன்னதாக அனுமதி பெறுதல் வேண்டும்.

3. படிக்கட்டு

ஏணியில் ஏறிப் பண்டம் எடுக்கலாம். நள்ளிரவில் குழந்தையைச் சுமந்து இறங்கலாகாது. வீடுகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், மிதியடி அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். மச்சு 9 அடி உயரத்தில் இருந்தால் 15 படிகள் தேவை. நேராக அமைப்பின் கூடத்தில் ஏறக்குறைய 12 அடி நீளம் பிடிக்கும். படிக்கு வழிவிட உத்திரத்தை அறுத்தல் அறவே கூடாது.

4. பாரம்

வசிக்கும் அறையின் தளம், சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் பாரம் தாங்கும்படி கணக்கிடப்படுதல் வேண்டும். பழைய உத்திரங்களின் நடுப்பகுதி வைரம் போலத் தோன்றினும், சுவருக்குள் புதைந்த முனைகளைக் கறையான் தின்றிருக்கக்கூடும். கூரிய இரும்புக் கம்பியால் முனைகளைக் குத்திப் பார்த்தல் நன்று. மண்சாந்தில் கட்டிய சுவராயின், பொறியாளர் பார்வையிடாமல் அதன்மேல் ஒரு வரிசைச் செங்கல்லும் ஏற்றலாகாது.

5. காற்றும் வெப்பமும்

பகலெல்லாம் காய்ந்த ஓடு, இரவில் தன் வெப்பத்தைக் கீழே விடும். கூரைக்குக் கீழ்ப் பலகைத் தளம் அடித்து, இரண்டிற்கும் இடையே காற்று ஓடுமாறு இரு முனைச் சுவர்களிலும் துவாரம் விடுதல் உத்தமம். ஆனால் அப்பலகை உயரத்தை மேலும் குறைக்கும் என்பதையும் கணக்கிடுக. ஜன்னல்களின் பரப்பு, வறண்ட வெப்பமுள்ள இடங்களில் தரைப் பரப்பில் பத்திலொரு பங்கும், ஈரமான வெப்பமுள்ள இடங்களில் ஆறிலொரு பங்கும் இருத்தல் வேண்டும். கண்ணாடி ஓடு வெளிச்சம் தரும், காற்றுத் தராது. அடுப்புப் புகை மச்சுக்கு ஏறும் வழி இருப்பின் அதை அடைத்தல் அவசியம்.

6. முடிவு

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோது, அவ்வங்கத்தினர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கூடத்தை ஒட்டிய 10 அடிக்கு 11 அடி அறையைத் திறந்து காட்டினார். நெல் மூட்டைகளும், பழம் பெட்டிகளும், கால் ஒடிந்த கட்டிலும் அதனுள் நிறைந்திருந்தன. உத்திரங்களைச் சோதித்து, இலேசான பண்டங்களை மச்சுக்கு ஏற்றினார். மூட்டைகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றினார். கீழறை 110 சதுர அடியும் வெறுமையாயிற்று. ஜன்னலைப் பெரிதாக்கவும் வெள்ளையடிக்கவும் மட்டுமே கடன் வேண்டியிருந்தது. முதல் மனுவில் கேட்ட தொகையில் சிறு பங்கே அது. மணமக்கள் அவ்வறையிலேயே குடியேறினர்.

ஆகவே அங்கத்தினர்கள் மச்சில் அறை அமைக்க விரும்பினால் முதலில் உயரம், அடுத்துப் படிக்கட்டு, அடுத்துப் பாரம், அதன்பின் காற்று என்னும் வரிசையில் அளந்து எழுதுக. அளவு பொருந்தினால் வரைபடமும் அனுமதியும் பெற்ற பின்னரே கடன் மனு எழுதுக. பொருந்தாவிடின், வீட்டில் பண்டங்கள் குடியிருக்கும் அறை எது என்று பார்த்து, அதை மனிதருக்கு விடுக. மச்சைப் பண்டங்களுக்கு விடுக. நிர்வாக சபையாரும் மனுவோடு அளவுக் குறிப்பைக் கேட்டு வாங்குதல் நலம். பயன்படாத அறைக்காக வாங்கிய கடனுக்கும் வட்டி உண்டு என்பதை மறத்தலாகாது.