எட்டு மில்லிமீட்டர்

அன்புள்ள சகோதரிக்கு,

மாஸ்டர் செக்-அப்பில் கழுத்தையும் ஸ்கேன் எடுத்து, தைராய்டில் 8 மி.மீ. கட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து தூக்கமில்லை, எந்த சர்ஜனைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். யாருக்கு சர்ஜன் தேவை என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைக் கவனிப்பார்; தைராய்டு கட்டியென்றால் விழுங்கும்போது மேலேறி இறங்கும். கட்டி கெட்டியாக, அசையாமல் இருக்கிறதா, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்ததா என்று கேட்பார். பிறகு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. அது குறைவாக இருந்தால் ஐசோடோப் ஸ்கேன் தேவைப்படும். சரியாக இருந்தால் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். கட்டி எப்படிப்பட்டது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அல்ட்ராசவுண்ட். ரிப்போர்ட்டில், கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் ‘டைராட்ஸ்’ என்ற எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டியில், நெறி கட்டாமல், வேறு சந்தேகமும் இல்லாதபோது பொதுவாக ஊசி டெஸ்ட் எடுப்பதில்லை. தைராய்டு கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாதாரணக் கட்டிகள்தாம்.

தேவையில்லாமல் ஸ்கேன் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1999-இல் தொடங்கிய அரசுப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் பரவியது. 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு மட்டும் குறையவே இல்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பும் போனது. 2014-இல் அங்குள்ள டாக்டர்கள் சிலர் இந்த ஸ்கேன் பழக்கத்தைப் பகிரங்கமாக எதிர்த்த பிறகே ஆபரேஷன்கள் குறைந்தன. காரணமில்லாமல் கழுத்தை ஸ்கேன் எடுப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

ஆனால் குரல் கம்மி வாரக்கணக்கில் தெளியாவிட்டாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, ஸ்கேன் எண் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஒரு குடும்ப மருத்துவர்