ஓடாத விளக்கில் ஓடும் ஒளி

1928ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்தில் மக்கள் திரண்டு நின்றனர். அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். அங்கு உயர்ந்து நின்ற ஒரு கட்டடத்தைச் சுற்றித் தேர்தல் செய்தி ஒளியெழுத்துகளாய் ஊர்ந்து சென்றது. எழுத்துகள் தோன்றின, நகர்ந்தன, மூலையில் திரும்பி மறைந்தன. கண்டோர் வியந்தனர். ஆனால், அக்கட்டடத்தின்மேல் நகர்ந்து சென்ற பொருள் யாதொன்றும் இல்லை. 14,000க்கு மேற்பட்ட மின்விளக்குகள் தத்தம் இடத்திலேயே நிலைத்து நின்றன. ஒன்று அணைய அதன் அண்டையில் உள்ளது எரிந்தது, அவ்வளவே. விளக்கு ஓடவில்லை, ஒளி ஓடியது.

இதே விந்தையை இன்று இளைஞர் பலர் ஒரு விளையாட்டினுள் நிகழ்த்திக் காட்டுகின்றனர். அவ்விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட் என்பது. சுவீடன் நாட்டில் தோன்றிய இது, 2009ஆம் ஆண்டில் முதன்முதல் மக்கள் கைக்கு வந்தது. 2011இல் முழுமை பெற்றது. 2023ஆம் ஆண்டுக்குள் 30 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. அவ்வுலகில் மலையும் மரமும் வீடும் யாவும் கனசதுரக் கட்டைகளால் ஆனவை. கட்டைமேல் கட்டை அடுக்கிக் கோட்டை எழுப்பலாம், நகரமே சமைக்கலாம். எனினும், அடுக்கிய கட்டை வைத்த இடத்தில் அசையாது நிற்கும். அசையாத கட்டைகளைக்கொண்டு ஆடும் காட்சியை அமைப்பது எங்ஙனம்?

அதற்குத் துணைபுரிவது ரெட்ஸ்டோன் என்னும் செந்நிறத் துகள். 2010இல் அவ்விளையாட்டில் சேர்க்கப்பெற்ற இத்துகளைத் தரையில் கோடாகத் தூவினால், கம்பியில் மின்சாரம் செல்வதுபோல ஓர் ஆற்றல் அதன் வழியே செல்லும். ஆயினும், அவ்வாற்றல் ஒவ்வொரு கட்டைத் தொலைவுக்கும் ஒரு படி குறையும். 15 கட்டைகளுக்கு அப்பால் செல்லாது. குறைந்த ஆற்றலை மீண்டும் நிரப்பித் தருவது ரிப்பீட்டர் என்னும் சிறு கருவி. இது பிறிதொரு பணியும் செய்யும். தன்னிடம் வந்த ஆற்றலை உடனே விடாமல், 0.1 நொடி முதல் 0.4 நொடி வரை நிறுத்திவைத்துப் பின்னரே விடும். இச்சிறு தாமதமே ஆடும் காட்சிக்கெல்லாம் அடிப்படை.

மாணவன் ஒருவன் தான் கட்டிய அரண்மனை முன்றிலில் ஓடும் ஒளிவரிசை ஒன்றை அமைக்க விரும்பினான் எனக் கொள்க. ஒரு ரிப்பீட்டர், ஒரு விளக்கு, மறுபடியும் ஒரு ரிப்பீட்டர், ஒரு விளக்கு என மாறிமாறிப் பத்து விளக்குகளை வரிசையாக வைக்கின்றான். ஒவ்வொரு ரிப்பீட்டரையும் 0.4 நொடித் தாமதத்தில் நிறுத்துகின்றான். தொடக்கத்தில் ஒரு குறுகிய துடிப்பை அனுப்பினால், முதல் விளக்கு 0.4 நொடியிலும், இரண்டாவது 0.8 நொடியிலும், பத்தாவது 4 நொடியிலும் எரிதல் வேண்டும். ஆற்றல் நின்ற பின்னரும் விளக்கு 0.2 நொடி எரிந்தே அணையும். ஆதலின், ஒரு விளக்கு அணையுமுன் அடுத்தது எரியும். இடையில் இருள் புகுவதற்கு இடமில்லை. கண்ணுக்கு ஒரே ஒளி வழுக்கிச் செல்வதாய்த் தோன்றும்.

ஆனால், மாணவன் துடிப்பை அனுப்பியபோது, ஆறு விளக்குகள் எரிந்தன. ஏழாவது முதல் ஒன்றும் எரியவில்லை. பல நாழிகை உழைத்த உழைப்பு வீணாயிற்றே என்று அவன் மனம் சோர்ந்தான். அனைத்தையும் இடித்துவிட்டு, வேறொருவர் காட்டிய படத்தைப் பார்த்து அப்படியே அடுக்கிவிடலாமா என்றும் எண்ணினான். பின்னர் ஒருவாறு தெளிந்து, 'ஆறாவது வரை ஆற்றல் வந்துள்ளது. எனவே, குற்றம் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் இருத்தல் வேண்டும்' என்று எண்ணி, அவ்விடத்தை மட்டும் உற்று நோக்கினான். அங்கிருந்த ரிப்பீட்டர் திசைமாறி நின்றது. ரிப்பீட்டர் ஒரு திசையில் மட்டுமே ஆற்றலை விடும். அதனைத் திருப்பி வைத்தான். பத்து விளக்குகளும் முறையாக எரிந்தன.

துடிப்பு ஓயாது வந்துகொண்டிருக்க, ஐந்து ரிப்பீட்டர்களை வட்டமாக இணைத்து அதனுள் ஒரு துடிப்பைச் சுழலவிட்டான். அப்போது மற்றொரு குறை தோன்றியது. ஓடவேண்டிய ஒளி ஒன்று, ஓடியனவோ இரண்டு. இப்போது அவன் சோரவில்லை, கணக்கிட்டான். வட்டத்தைச் சுற்றிவரத் துடிப்புக்கு ஆகும் காலம் 2 நொடி. வரிசையைக் கடக்க ஆகும் காலமோ 4 நொடி. முதல் ஒளி பாதி வழி செல்வதற்குள் அடுத்த ஒளி புறப்பட்டுவிடுகின்றது. வட்டத்தில் பத்து ரிப்பீட்டர்களை வைத்தான், காலம் ஒத்தது, காட்சியும் ஒத்தது. படத்தைப் பார்த்து அடுக்கியிருப்பின், இக்குறை வந்தபோது அவன் கை செயலற்று நின்றிருக்கும்.

இம்முறை விளக்குக்கு மட்டும் உரியதன்று. 2011இல் பிஸ்டன் என்னும் தள்ளு கருவி இவ்விளையாட்டில் சேர்ந்தது. அது 12 கட்டைகள் வரை தள்ளவல்லது. அதன் ஒட்டும் வகை, தள்ளிய கட்டையை மீண்டும் இழுத்துக்கொள்ளும். அவ்வகைப் பிஸ்டன்களை வரிசையாகத் தரையில் புதைத்து, மேலே பல நிறக் கம்பளிக் கட்டைகளை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால், காற்று வீசும்போது நெல்வயலில் அலை எழுவதுபோலத் தரையில் அலை எழும். ரெட்ஸ்டோன் தீப்பந்தத்தின் இயல்போ வேறு. அது பொருந்தியுள்ள கட்டைக்கு ஆற்றல் வந்தால் அணையும். ஆற்றல் நின்றால் எரியும். அதனை இடையில் வைத்தால், ஒரு வரிசை விண்மீன்கள் ஒளிரும்போது மறு வரிசை மறையும். இது மறையும்போது அது ஒளிரும்.

'ஆம்' என்று வந்ததை 'இல்லை' என்று மாற்றும் இச்சிறு தீப்பந்தத்தில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், மனிதர் சிந்திக்கும் முறையையே கணிதமாக எழுதலாம் என்று 1854இல் ஒரு நூலின் வாயிலாகக் காட்டினார். அக்கணிதத்தை மின்சுற்றுகளால் இயங்கச் செய்யலாம் என்பதனை, கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க இளைஞர் தம் 21ஆம் அகவையில், 1937இல் எழுதிய ஆய்வுரையில் நிறுவினார். இன்றைய கணிப்பொறிகள் யாவும் அந்நெறியிலேயே இயங்குகின்றன. ஆதலின், விளையாட்டில் தீப்பந்தத்தை வைத்து விண்மீனை மினுங்கச் செய்யும் மாணவன், தான் அறியாமலே அவ்வறிஞர் சென்ற வழியில் முதலடி எடுத்து வைக்கின்றான்.

அவ்வொளிவரிசையை மீண்டும் ஒருமுறை நோக்குக. அதில் எந்த விளக்கும் பெருஞ்செயல் செய்யவில்லை. தன் முறை வந்தபோது எரிந்தது. முறை முடிந்தபோது அணைந்தது. ஒன்று முந்தினும் பிந்தினும் காட்சி கெடும். காலத்தில் செய்த சிறு செயல்கள் பல கூடியே கண்ணைக் கவரும் அழகு ஆயிற்று. அவ்வழகு கெட்டபோது, அதனை மீட்டது வியப்பன்று; எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று பொறுமையுடன் ஆராய்ந்த அறிவே ஆகும். காட்சியைக் கண்டு களிப்பவர் பலர். அதன் காரணத்தைக் கண்டறிபவரே அதனை ஆக்க வல்லவர்.