முகப்பெழுத்தும் தமிழெழுத்தும்



ஒரு பத்தியின் முதலெழுத்தை மட்டும் இரண்டு மூன்று வரிகளின் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஏனைய வரிகளை அதன் அருகே ஒதுக்கி அமைக்கும் முறையை நீங்கள் நூல்களிலும் வார இதழ்களிலும் கண்டிருப்பீர்கள். சொற்செயலிகள் இதனை 'ட்ரொப் கப்' என்று அழைக்கின்றன. வீட்டு வாயிலின் முகப்பைப் போல நிற்பதால் இக்கட்டுரையில் அதனை முகப்பெழுத்து என்றே குறிப்பிடுகின்றேன். கணினியில் இதனை அமைப்பது எளிது. ஆயினும் தமிழில் பிழையின்றி அமைப்பதற்குத் தமிழெழுத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாமல் நானே செய்த தவறொன்றிலிருந்து தொடங்குகின்றேன்.

1998ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்குத் தட்டச்சுச் செய்யும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, விடுமுறையில் ஊருக்குப் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். 'கோயிலுக்கு' என்பது அதன் முதற்சொல். பக்கம் அழகாக இருக்கட்டுமே என்று எண்ணி, ஒவ்வொரு கட்டுரையின் முதலெழுத்தையும் பெரிதாக்கினேன். இரவு நெடுநேரம் ஆகிவிட்டமையால் ஒப்புநோக்காமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மலர் வெளிவந்தது. விழா மண்டபத்தில் அச்சிறுமி மலரைக் கையில் ஏந்தியவாறு என்னிடம் வந்து, "ரீச்சர், இந்தப் பெரிய எழுத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். பார்த்தேன். இரட்டைக் கொம்பு மட்டும் மூன்று வரி உயரத்துக்குத் தனியே நின்றது. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'காயிலுக்கு' என்று இருந்தது. "நான் இப்படி எழுதேல்லையே" என்று அவள் மெல்லச் சொன்னபோது எனக்கு மறுமொழி வரவில்லை. அம்மலரின் ஒரு படி ஊரிலுள்ள அவளுடைய அம்மம்மாவுக்கு அனுப்புவதற்கென ஏற்கெனவே உறையில் இடப்பட்டிருந்தது.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு முன், முகப்பெழுத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஐரோப்பாவில் நூல்கள் தோலில் கையால் எழுதப்பட்ட காலத்தில், பக்க எண்ணோ தலைப்போ பெரும்பாலும் இருந்ததில்லை. புதிய பகுதி எங்கே தொடங்குகின்றது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் வழியாகவே பெரிய முதலெழுத்து பயன்பட்டது. அழகு பின்னர் சேர்ந்தது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்துக்கு உரிய 'லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல்' 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு நற்செய்தியின் தொடக்கச் சொற்களும் ஒரு முழுப் பக்கத்தையே நிறைத்து, பறவைகள் பின்னிய கோலங்களாக நிற்கின்றன. 1455ஆம் ஆண்டளவில் கூட்டன்பேர்க் தமது விவிலியத்தை அச்சிட்டபோது, முகப்பெழுத்துகளுக்கு உரிய இடங்களை வெறுமையாக விட்டார். நூலை வாங்கியோர் ஓவியரைக்கொண்டு அவ்விடங்களை நிரப்புவித்தனர். இரண்டே ஆண்டுகளின் பின், 1457இல், ஃபூஸ்ட், ஷோஃபர் என்னும் இருவர் மைன்ஸ் நகரில் அச்சிட்ட திருப்பாடல் நூலில், சிவப்பும் நீலமுமாகிய முகப்பெழுத்துகள் அச்சிலேயே வந்துவிட்டன.

தமிழில் நிலைமை வேறு. பனையோலை அகலம் குறைந்தது. எழுத்தாணியால் கீறி எழுதப்படுவது. மூன்று வரி உயரத்துக்கு ஓரெழுத்தை எழுத அங்கு இடம் ஏது? சொற்களுக்கிடையே வெளி விடுவதுகூட வழக்கமில்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஏட்டின் தொடக்கத்தைக் காட்டப் பிள்ளையார் சுழி போதுமாயிருந்தது. மேலும், ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் இருவகை வடிவம் தமிழுக்கு இல்லை. ஆகவே முகப்பெழுத்து என்பது அச்சுக் கலையோடு நம்மிடம் வந்த ஒரு விருந்தாளி. தமிழெழுத்தில் அச்சிடப்பெற்று இன்று கிடைக்கும் மிகப் பழைய நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அதுமுதல் ஈய எழுத்துகளைக் கோத்த காலம் முழுவதும் 'கோ' என்னும் எழுத்து மூன்று துண்டுகளாகவே அச்சுப் பெட்டியில் இருந்தது: கொம்பு ஓர் அறையில், ககரம் ஓர் அறையில், அரவு ஓர் அறையில். ஆனால் அச்சுக்கோப்பவருக்குத் தமிழ் தெரியும். முதலெழுத்தைப் பெரிதாக்கு என்றால், மூன்று துண்டுகளையும் பெரிய அளவிலேயே எடுத்து வைப்பார். 'கோ' ஓரெழுத்து என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கணினிக்கோ அதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாம் 1990களில் பயன்படுத்திய பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை இருத்தியவை. தட்டச்சிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையே பின்பற்றப்பட்டது: முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் அரவு. சொற்செயலி அவற்றை மூன்று ஆங்கில எழுத்துகளாகவே எண்ணியது. முதலெழுத்தைப் பெரிதாக்கு என்ற கட்டளைக்கு அது முதற்குறியை மட்டும் பெரிதாக்கியது. இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தது. ஒப்புநோக்காதது என் குற்றம். 'காலை' என்று தொடங்கியிருந்தால் ககரம் பெரிதாகி அரவு சிறிதாக நின்றிருக்கும். 'அம்மா' என்று தொடங்கியிருந்தால் எக்குறையும் நேர்ந்திராது. அதனாலேயே அதே மலரில் வேறு சில பக்கங்கள் நன்றாக அமைந்தன, நானும் ஏமாந்தேன்.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன் முறைப்படி 'கோ' என்பது ககரத்தையும் அதனைத் தொடரும் ஓகாரக் குறியையும் கொண்டது. கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும் கணினியின் நினைவில் ககரமே முதலில் நிற்கும். இது ஒலிப்பு முறைக்கு இயைந்தது. க் என்னும் மெய்யின் பின் ஓ என்னும் உயிர் வருகின்றதல்லவா? எனினும் தவறுக்கு இங்கும் இடமுண்டு. குறியீடுகளை ஒவ்வொன்றாக எண்ணும் மென்பொருள் ககரத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு, ஓகாரக் குறியைப் புள்ளி வட்டத்தோடு அநாதையாக விட்டுவிடும். மெய்யையும் அதன் குறியையும் ஓரெழுத்துக் கூட்டமாக எண்ண வேண்டும் என்னும் விதி ஒருங்குறியில் வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் கைக்கொள்ளும் மென்பொருளில் 'கோ' முழுதாகவே வரும். 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகிய கூட்டெழுத்துகள் அவ்விதியின்படியும் இரண்டாகப் பிரிவன; அவற்றில் கூடிய கவனம் தேவை.

இனி, மாணவர்கள் சிந்திக்கத்தக்க ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் முகப்பெழுத்துகளை வரைய விரும்பும் ஓவியர் 26 எழுத்துகளை வரைந்தால் வேலை முடிந்தது. தமிழில் எத்தனை வரைய வேண்டும்? 247 என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. எவை வரும் என்பதை நன்னூல் மொழிமுதல் எழுத்துகள் என வகுத்துள்ளது. உயிர் 12உம் வரும். க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறும் பன்னிரண்டு உயிரோடும் சேர்ந்து வரும், அவை 72. வகரம் உ, ஊ, ஒ, ஓ ஒழிந்த எட்டோடு வரும். யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறோடு வரும். ஞகரம் அ, ஆ, எ, ஒ என்னும் நான்கோடு வரும். ஙகரம் அகரத்தோடு மட்டும், அதுவும் அங்ஙனம், இங்ஙனம் என்றாற்போலச் சுட்டு, வினா முதலியவற்றின் பின்னரே வரும். கூட்டிப் பாருங்கள்: 103. (தொல்காப்பியம் கூறும் தொகை இதனினும் குறைவு, அதன்படி சகரம் அ, ஐ, ஔ என்பவற்றோடு சேர்ந்து முதலாவதில்லை.) இலக்கணப் பாடத்தில் மனனம் செய்யும்போது சுமையாகத் தோன்றும் இப்பகுதி, ஓவியருக்கு 144 எழுத்துகளை வரையும் வேலையை மிச்சப்படுத்துகின்றது!

அந்த 103இல் கொம்போ ஐகாரக் குறியோ இடப்பக்கத்தில் நிற்கும் எழுத்துகள் எத்தனை என்றும் எண்ணிப் பார்த்தேன். 44 கிடைத்தன. அவற்றுள் 22 எழுத்துகளில் வலப்பக்கத்திலும் ஒரு குறி நிற்கும். ஆகவே, சிறுமியின் கட்டுரைக்கு நேர்ந்தது அரிய விபத்தன்று. பழைய எழுத்துருவில் அடிக்கடி நேரக்கூடியதே.

ர, ல, ட ஆகியவற்றில் தொடங்கும் பெயருடைய பிள்ளைகள் "எங்கள் எழுத்து இப்பட்டியலில் இல்லையே" என்று கேட்பீர்கள். மரபுப்படி ரவி இரவியாகவும், லட்சுமி இலட்சுமியாகவும், லண்டன் இலண்டனாகவும் எழுதப்படும். ஆயினும் ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகின்றாரோ அவ்வாறே அதன் முகப்பும் அமைய வேண்டும் என்பது என் கருத்து. இலக்கணத்துக்காக ஒரு பிள்ளையின் பெயரை மாற்ற நான் உடன்படேன்.

செய்முறைக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் வேர்ட் மென்பொருளில் பத்திக்குள் சுட்டியை வைத்து, 'இன்சேர்ட்' பட்டியலில் 'ட்ரொப் கப்' என்பதைத் தெரிந்தால் முகப்பெழுத்து அமையும். அங்குள்ள விருப்பத்தெரிவுகளில் எத்தனை வரி உயரம், அடுத்த எழுத்துக்கு எவ்வளவு இடைவெளி என்பவற்றைக் குறிக்கலாம். இயல்பாக மூன்று வரி என்றிருக்கும். எழுத்து உடைந்து தோன்றினால் கட்டளையை நீக்கிவிட்டு, முழு எழுத்தையும் குறிகளோடு சேர்த்துத் தெரிவுசெய்த பின் மீண்டும் கட்டளையிடுங்கள். லிப்ரே ஒஃபிஸ் மென்பொருளில் பத்தி அமைப்புக்குள் 'ட்ரொப் கப்ஸ்' என்னும் பகுதி உண்டு. எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று எண்ணாகவே கொடுக்கலாம்.

மூன்று வரி என்பது ஆங்கில எழுத்துக்குப் பொருந்திய அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் வரிக்கோட்டின்மேல் நேராக அமர்பவை. தமிழெழுத்துகள் அவ்வாறல்ல. த, ந ஆகியவற்றின் வால் கோட்டின் கீழே இறங்கும். பு, சு ஆகியவற்றின் கால் இறங்கும். கி, மீ ஆகியவற்றின் விசிறி மேலே எழும். மூன்று மடங்கு பெரிதாக்கும்போது அந்த வால் நான்காம் வரியை இடிக்கும். தோ, கௌ போன்ற அகன்ற எழுத்துகள் ஒடுங்கிய பத்தியில் வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே தமிழுக்கு இரண்டு வரி உயரமே பெரும்பாலும் போதும். வால் இடித்தால் எழுத்தின் அளவைச் சற்றுக் குறைக்கலாம். முகப்பெழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அதிக வெளி விட வேண்டாம்; இளம் வாசகர் அதனைத் தனிச் சொல்லாக எண்ணிக்கொள்வர்.

இன்னொன்று. வேர்ட் மென்பொருள் முகப்பெழுத்தைத் தனிச் சட்டத்துக்குள் தனிப் பத்தியாகவே வைத்துக்கொள்கின்றது. 'கோயிலுக்கு' என்று தேடினால் அச்சொல் அகப்படாது. 'யிலுக்கு' என்பதே எஞ்சிய பத்தியில் இருக்கும். ஆகையால் எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்தி முடித்த பின், கடைசி வேலையாகவே இதனைச் செய்ய வேண்டும். செய்தபின் தாளில் அச்சிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த மற்றொருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு முகப்பெழுத்துக்கு மேல் வேண்டாம். கவிதைக்கு அறவே வேண்டாம் என்பேன்; அடிகளின் எதுகை மோனை கண்ணுக்குப் புலப்படாமற் போகும்.

அச்சிறுமியின் அம்மம்மாவுக்குப் போகவிருந்த படியை அன்று உறையிலிருந்து வெளியே எடுத்தோம். கொம்பையும் 'கா'வையும் மறைக்கும்படி வெள்ளைத் தாளை ஒட்டி, சிவப்பு மையால் 'கோ' என்று அவளையே எழுதச் செய்தேன். அரவைச் சற்று நீட்டி அதன் நுனியில் ஒரு மணியையும் வரைந்துவிட்டாள். அன்று மண்டபத்தில் எஞ்சியிருந்த படிகளிலும் அவ்வாறே ஒட்டினோம்.

பயிற்சி: உங்கள் பெயரின் முதலெழுத்தையும், அம்மாவோ அப்பாவோ பிறந்த ஊரின் முதலெழுத்தையும் முகப்பெழுத்தாகக் கொண்டு ஐந்து வரிப் பத்தி ஒவ்வொன்று கணினியில் அமையுங்கள். அவ்வெழுத்துகள் 103இல் அடங்குமா, 44இல் அடங்குமா என்று பத்தியின் கீழே குறித்து, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அச்சுப்படியாகக் கொண்டு வாருங்கள்.