கல்லூரிக்கு முதன்முதலாகப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள் இ-சேவை மையங்களின் வாயிலில் திரளும் கூட்டத்தைக் கண்டவர்க்கு, கல்லூரிப் பிரவேசம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் காரியமன்று என்பது விளங்கும். பாட்டன் காலந்தொட்டு ஒருவரும் கல்லூரி வாயிலை மிதித்திராத வீட்டில், மதிப்பெண்ணுக்கு அப்பால் செய்யவேண்டியவற்றை எடுத்துச் சொல்ல ஆள் இராது. ஆதலின் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

தேர்வு எழுதி முடித்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், சாதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் கைவசம் உள்ளனவா என்று பார்த்து, இல்லாதவற்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அவற்றோடு மறவாமல் பெறவேண்டியது முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா பாட்டி, தாய் தந்தை, உடன்பிறந்தார் எவரும் பட்டம் பெற்றிராத குடும்பத்துப் பிள்ளை, வருவாய்த் துறை வழங்கும் இச்சான்றிதழோடு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே பொறியியல் முதலான தொழிற்கல்வியில் இடம் பெற்றால், கற்பிப்புக் கட்டணத்தில் அரசின் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கு அது கிடையாது என்பதை அறியாமல், இடைத்தரகர் வார்த்தையை நம்பி நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டுப் பின்னர்க் கலங்கி நிற்கும் பெற்றோரைக் காணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றவர்கள் மற்றொன்றையும் கேட்டறிய வேண்டும். தொழிற்கல்வியில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாணவியர்க்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்காக ஏற்பட்டவை. பணம் வங்கிக் கணக்குக்கே வருவதால், மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பார்த்தல் உத்தமம்.

அடுத்தது விண்ணப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பொறியியலுக்கும் தனித்தனியே இணையவழி விண்ணப்பம் உண்டு. பொறியியலுக்குரிய கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம், ஆக 200க்குக் கணக்கிடப்படுவது. கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று தயங்காமல், உள்ளபடியே விரும்புவதை முதலிலும் அதற்கடுத்ததை அடுத்தும் எழுதிக்கொண்டு போகவேண்டும். மேலே எழுதியது கிட்டாவிட்டால் கீழே உள்ளது பரிசீலிக்கப்படுமேயன்றி, ஆசைப்பட்டு எழுதியதனால் நஷ்டம் ஏதுமில்லை. தனியார் கல்லூரியாயின், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, நாம் சேரவிருக்கும் பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்காமல் முன்பணம் கட்டலாகாது.

சேரும் நாளில் எல்லாச் சான்றிதழ்களுக்கும் ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூல மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தபின் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளலாகாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பு. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவன்று.

உள்ளே நுழைந்தபின் பள்ளியின் வழக்கம் செல்லாது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஆறு செமஸ்டர்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக 75 விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வெழுத அனுமதி பெறுவது அரிது. பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர் இக்கணக்கை மாதந்தோறும் பார்த்துவர வேண்டும். ஒரு தாளில் தவறினால் அது அரியர். அதனால் ஆண்டு வீணாவதில்லை, பின்னர் மீண்டும் எழுதலாம். ஆயினும் அரியர் விழுந்ததை வீட்டில் சொல்ல அஞ்சி, படிப்பையே விட்டுப் போன பிள்ளைகள் உண்டு. பெற்றோரே, அச்செய்தியைக் கேட்டால் சினவாதீர்கள்.

தமிழ் வழியில் பயின்று வந்தவர்க்கு ஆங்கில விரிவுரை முதற்சில வாரங்கள் இருட்டாகவே தோன்றும். விளங்காத கலைச்சொற்களைத் தனி நோட்டில் அன்றன்றே எழுதி, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் சென்று, "ஐயா, இதைத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதலாவது உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்த அன்று, எங்கே மதிப்பெண் குறைந்தது என்று கேட்க அதே நோட்டோடு மறுபடியும் போங்கள்.